டேப்லெட் வாங்கும் முன் ஓர் அளவுகோலை எடுங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது: செல்பேசியில் இருபது நிமிடம் படித்தாலே கண் வலிக்கிறது, பல ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்த இருநூற்றுக்கும் மேற்பட்ட மின்னூல்கள் திறக்கப்படாமலே கிடக்கின்றன, பெரும்பாலும் பிடிஎஃப், விலை குறைந்த டேப்லெட் ஒன்று வாங்கினால் அவற்றைப் படித்துவிட முடியுமா, அல்லது பொறுத்திருந்து மின்தாள் திரை கொண்ட கிண்டில் போன்ற கருவியை வாங்குவதா? இதற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உங்களிடம் இருக்கும் கோப்புகள் எப்படிப்பட்டவை? உங்கள் கண் ஏன் வலிக்கிறது? கருவி கைக்கு வந்த பிறகு நீங்கள் படிப்பீர்களா? முதல் கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்குப் பாதி சொல்ல முடியும். மூன்றாவதற்கு, நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் ஒரு நூலகத்தின் மின்னாக்கப் பிரிவில் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தவன். பழைய நூல்களை ஸ்கேன் செய்வது, அவற்றை மின்னூலாக மாற்றுவது, வாசகர்களுக்கு இரவல் கொடுக்கும் கருவிகளைப் பராமரிப்பது இவையே என் அன்றாடம். கண் மருத்துவம் என் துறை இல்லை. அந்தப் பகுதியில் நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோப்புகள். மின்னூல் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் இரண்டு சாதிகள் உண்டு. இபப், கிண்டில் கோப்பு போன்றவற்றில் எழுத்து நீர்போல ஓடும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கித் திரைக்குள் அடங்கும். அப்படிப்பட்ட நூலுக்கு எந்தத் திரையும் போதும், சிறிய திரைகூட. பிடிஎஃப் வேறு. அது அச்சுப் பக்கத்தின் நகல். பக்கத்தின் அகலம் திரையின் அகலத்துக்குச் சுருங்கும்போது எழுத்தும் அதே விகிதத்தில் சுருங்கும். பெரிதாக்கினால் வரியின் ஒரு பாதி திரைக்கு வெளியே போய்விடும். நூலகத்துக்குத் திரும்பி வந்த கருவிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தால்தான் திரும்பி வந்தன.

தமிழ்ப் பிடிஎஃப்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு பரவலாவதற்கு முன் உருவான கோப்புகளில், கண்ணுக்குத் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு குறியீடு. அந்தக் காலத்தில் டிஸ்கி, டாப், டாம் என்று பல முறைகள் இருந்தன. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்ற 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமே டிஸ்கி போன்ற பழைய முறைகளில் வெளியிட்டு, பிறகு யூனிகோடுக்கு மாறியது. உங்கள் கோப்பு எந்த வகை என்று அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, நகலெடுத்து, செய்தி எழுதும் கட்டத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அதை ஓடும் எழுத்தாக மாற்ற வாய்ப்பு உண்டு. பொருளற்ற குறிகள் வந்தால் அது பழைய குறியீடு. சொல்லே பிடிபடவில்லை என்றால், அது வெறும் புகைப்படம், அதாவது ஸ்கேன். யூனிகோடில் இருக்கும் பிடிஎஃப்பிலும் கொம்பும் காலும் இடம் மாறி வருவது உண்டு; அவற்றை மாற்றுவதற்குப் பொறுமை வேண்டும். உங்கள் இருநூறில் ஒரு முப்பதை எடுத்து இப்படிச் சோதித்துப் பாருங்கள். உங்கள் தொகுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இப்போது அளவுகோலை எடுங்கள். கடையில் சொல்லும் 8 அங்குலம், 10 அங்குலம் எல்லாம் மூலைக்கு மூலை எடுத்த அளவு. படிப்பவருக்கு வேண்டியது குறுக்கு அகலம். வழக்கமான நீள்வடிவத் திரை என்றால், நிமிர்த்திப் பிடித்த 8 அங்குல டேப்லெட்டின் திரை ஏறத்தாழ 108 மில்லிமீட்டர் அகலமும் 172 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. 10.1 அங்குலம் என்றால் 136க்கு 217. ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம். ஆகவே ஏ4 பக்கத்தில் 12 புள்ளி (அச்சு எழுத்தின் அளவைச் சொல்லும் ‘பாயிண்ட்’) அளவில் அச்சான எழுத்து 8 அங்குலத் திரையில் 6 புள்ளியாகச் சுருங்கிவிடும். மருந்துச் சீட்டில் பொடியாக அச்சிட்டிருப்பார்களே, அந்த அளவு. 10.1 அங்குலத்தில் அது 8 புள்ளிக்குச் சற்றுக் குறைவு. படிக்கலாம், ஆனால் நீண்ட நேரம் முடியாது. நான்கு பக்க வெள்ளை ஓரத்தையும் வெட்டிக் காட்டும் வசதி வாசிப்புச் செயலியில் இருந்தால், அதே 10.1 அங்குலத்தில் எழுத்து ஏறத்தாழ 10 புள்ளிக்கு வந்துவிடும். அது வசதியான அளவு.

நாவல், கட்டுரைத் தொகுப்பு போன்றவை பெரும்பாலும் டெமி அளவில் அச்சாகின்றன. அந்தப் பக்கம் சுமார் 140க்கு 216 மில்லிமீட்டர், 10.1 அங்குலத் திரை ஏறத்தாழ அதே அளவுதான். அதாவது டெமி நூலின் ஸ்கேன் அந்தத் திரையில் அச்சு நூலின் அளவிலேயே தெரியும். ஓரத்தை வெட்டிவிட்டால் எழுத்துப் பகுதி மட்டும் நூறு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் அகலம் இருக்கும். அது 8 அங்குலத் திரைக்குள்ளேயே அடங்கும். 8 அங்குலம் போதுமா என்று யாராவது கேட்டால், எந்த அளவுப் பக்கங்களை ஸ்கேன் செய்த கோப்புகள் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பழைய நாவல்கள் என்றால் போதும். இதழ்கள், பாடநூல்கள், ஆய்வேடுகள் என்றால் போதாது.

இதை வாங்காமலே சோதித்துவிடலாம். உங்கள் செல்பேசியைக் கிடையாகத் திருப்புங்கள். இன்றைய 6.5 அங்குலச் செல்பேசியின் திரை கிடையாகப் பிடித்தால் 150 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அது 10.1 அங்குல டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் கிடைக்கும் அகலத்தைவிட அதிகம். பலர் இதை நம்ப மறுப்பார்கள். அளந்து காட்டிய பிறகே ஒப்புக்கொள்வார்கள். உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து, பக்கத்தின் அகலம் 136 மில்லிமீட்டர் வருமாறு விரலால் சுருக்குங்கள். அதில் தெரியும் எழுத்தின் அளவுதான் 10 அங்குல டேப்லெட்டில் உங்களுக்குக் கிடைக்கப் போவது. 108க்குச் சுருக்கினால் 8 அங்குலம். அந்த அளவில் இரண்டு பக்கம் படித்துப் பாருங்கள். எழுத்தே போதவில்லை என்றால் அந்த டேப்லெட் உங்களுக்கு ஆகாது. எழுத்து போதும், ஆனால் ஒரு நேரத்தில் ஏழெட்டு வரிதான் தெரிகிறது என்று சலிப்பாக இருந்தால், டேப்லெட் உங்கள் குறையைத் தீர்க்கும்.

இந்தக் கணக்கை நாங்களே தாமதமாகத்தான் போட்டோம். ஒரு முறை இரவல் கொடுப்பதற்காக 7 அங்குலக் கருவிகள் இருபது வாங்கினோம். தேர்வு செய்தவர்களில் நானும் ஒருவன். கைக்கு அடக்கமாக இருக்கிறது, எடை குறைவு, பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது என்று பார்த்தோம். திரையின் அகலம் 90 மில்லிமீட்டர் என்று அளந்து பார்க்கவில்லை. அவற்றில் நாங்கள் ஏற்றியதோ பெரிய பக்கங்கள் கொண்ட பழைய இதழ்கள். வாசகர்கள் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்து இழுத்துப் படித்தார்கள். ஒரு மாதத்துக்குள் கருவிகள் அலமாரிக்குத் திரும்பின. ஒரே ஒரு முதியவர் மட்டும் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். எப்படிப் படிக்கிறீர்கள் ஐயா என்று கேட்டேன். கருவியைக் கிடையாகத் திருப்பி, பக்கத்தின் அகலம் முழுவதும் திரையில் நிற்கும்படி பூட்டி வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழே மட்டும் நகர்த்திப் படிப்பதாகச் சொன்னார். அதன்பின் கருவி வாங்குபவர் எல்லாருக்கும் நான் முதலில் காட்டுவது அந்த முறையைத்தான். 10.1 அங்குலத் திரையைக் கிடையாகப் பிடித்தால் ஏ4 பக்கத்தின் முழு அகலமும் அச்சு அளவிலேயே நிற்கும். பாதிப் பக்கம் மட்டுமே ஒரு நேரத்தில் தெரியும், அவ்வளவுதான்.

திரையின் அடர்த்தியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலிவான 10 அங்குலக் கருவிகளில் 1280க்கு 800 புள்ளிகள் (இங்கே புள்ளி என்பது பிக்சல்) கொண்ட திரை இருக்கும். அப்படியென்றால் ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளிகள்தான். தமிழ் எழுத்தில் சுழிகளும் வளைவுகளும் அதிகம் என்பதால், ணகரத்தின் சுழிகள் அந்த அடர்த்தியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1920க்கு 1200 என்றால் அங்குலத்துக்கு 224. நான் இதற்குக் கீழே போக மாட்டேன். 8 அங்குலத்தில் 1280க்கு 800 இருந்தால் 189, சமாளிக்கலாம். விலையைக் குறைக்க வேண்டுமானால் கேமராவில் குறைத்துக்கொள்ளுங்கள், ஒலிபெருக்கியில் குறைத்துக்கொள்ளுங்கள், திரையில் மட்டும் வேண்டாம். அதோடு, மலிவுக் கருவிகளில் மேல் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே காற்றிடைவெளி விட்டிருப்பார்கள். அதனால் மேலே எரியும் விளக்கு திரையில் பளிச்சென்று தெரியும். கடையில் கருவியை அணைத்து வைத்து, முகம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பார்த்தாலே இது புரிந்துவிடும்.

இனி உங்கள் கண். நீங்கள் நாற்பதைத் தாண்டியவர் என்றால், முதலில் வெள்ளெழுத்து இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். செல்பேசியை வழக்கமாக மிக அருகில் பிடித்துப் படிக்கிறோம். வெள்ளெழுத்து தொடங்கியவருக்கு அந்தத் தொலைவே வலி தரும். ஒரு வாசிப்புக் கண்ணாடி அணிந்தவுடன், இனிக் கருவியே வேண்டாம் என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். உறுதியாகச் சொல்லத்தக்க இன்னொன்று, திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது, அதனால் கண் உலர்கிறது. டேப்லெட்டும் இதற்கு விலக்கில்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தொலைவில் பார்ப்பது எந்தக் கருவிக்கும் பொருந்தும்.

நீல ஒளிதான் கண்ணைக் கெடுக்கிறது என்று விளம்பரங்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிகள் கண் சோர்வைக் குறுகிய காலத்தில் குறைப்பதாகச் சான்று தெரியவில்லை என்ற முடிவுக்கே வந்தது. தூக்கத்தைப் பொறுத்தவரை நிலைமை கொஞ்சம் வேறு. 2014இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தவர்கள், அச்சு நூல் படித்த இரவுகளைவிடச் சுமார் பத்து நிமிடம் தாமதமாகத் தூங்கினார்கள். ஆனால் கலந்துகொண்டவர்கள் 12 பேர்தான், திரையும் முழு வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருந்தது. இதை வைத்து டேப்லெட் தூக்கத்தைக் கெடுக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. இரவில் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள் என்று சொல்லலாம். அதற்குக் கருவி ஒத்துழைக்க வேண்டும். சில மலிவுத் திரைகள் மிகக் குறைந்த வெளிச்சத்திலும் இருட்டறையில் கண்ணைக் கூசவைக்கும்; வேறு சில அந்த நிலையில் கண்ணுக்குப் புலப்படாமல் மினுக்கும், சிலருக்கு அது தலைவலி தரும்.

மின்தாள் திரை இதற்கு நேர்மாறானது. அது தாள்போல வெளியொளியில் படிக்கப்படுவது. பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் செலவாகும் என்பதால் ஒரு முறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் நிற்கும். வெயிலிலும் தெளிவாகத் தெரியும். 6 அங்குலக் கருவிகளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வரை உண்டு; எடையும் பெரும்பாலும் 200 கிராமை ஒட்டியே இருக்கும், 10 அங்குல டேப்லெட்டோ அரைக் கிலோ. ஓடும் எழுத்துள்ள நூல்களையே படிப்பவருக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். 2016 இறுதியிலிருந்து கிண்டில் கடையிலேயே தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. ஆனால் அந்த 6 அங்குலத் திரை 91 மில்லிமீட்டர் அகலம்தான். எங்கள் 7 அங்குலக் கருவிகளில் வாசகர்கள் பட்ட பாடு அப்படியே திரும்பும். போதாக்குறைக்கு, மின்தாளில் பக்கத்தைப் பெரிதாக்கி நகர்த்துவது மெதுவாக நடக்கும். ஸ்கேன் கோப்புகளே உங்கள் செல்வம் என்றால், நண்பர்கள் எவ்வளவு புகழ்ந்தாலும் 6 அங்குல மின்தாள் கருவியை வாங்காதீர்கள். 10 அங்குல மின்தாள் கருவிகள் இருக்கின்றன, அருமையானவை, ஆனால் மலிவு என்ற சொல் அங்கே செல்லாது.

நினைவகத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஓடும் எழுத்து நாவல் பெரும்பாலும் ஓரிரு மெகாபைட்டுக்குள் அடங்கும், முந்நூறு பக்க ஸ்கேன் ஐம்பது மெகாபைட் வரும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் இருநூறும் பத்து ஜிகாபைட்டுக்குள் முடிந்துவிடும். மெமரி கார்டு போடும் இடம் இருந்தால் இன்னும் நிம்மதி. ரேம் அப்படி இல்லை. இணைய ஆவணக் காப்பகங்களில் கிடைக்கும் ஸ்கேன் பிடிஎஃப்கள் கடுமையாகச் சுருக்கப்பட்டவை. ஒவ்வொரு பக்கத்தையும் விரித்துக் காட்டக் கருவி உழைக்க வேண்டும். 2 ஜிபி ரேம் கொண்ட கருவியில் பக்கத்தைத் திருப்பிவிட்டு மூன்று நான்கு விநாடி வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். முந்நூறு பக்கத்துக்கு அது தாங்காது. 4 ஜிபி இருக்கட்டும்.

பழைய கருவி வாங்கலாமா என்பதற்கு என் பதில்: ஆண்ட்ராய்டு பதிப்பைப் பாருங்கள். மிகப் பழைய பதிப்பில் கிண்டில் போன்ற செயலிகள் ஒரு கட்டத்தில் புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடும். குறிப்பிட்ட செயலியில் மட்டுமே திறக்கும்படி பூட்டிட்ட நூல்களைக் காசு கொடுத்து வாங்குபவருக்கு அது பெரிய இழப்பு. பூட்டில்லாத பிடிஎஃப், இபப் மட்டும் படிப்பவருக்கு அவ்வளவு பாதிப்பு இல்லை, கேஓஆர்ரீடர் போன்ற திறமூலச் செயலிகள் பழைய கருவியிலும் ஓடுகின்றன. ஓரம் வெட்டும் வசதியும் அதில் நன்றாக அமைந்திருக்கிறது. பின்புறம் சற்றே உப்பியிருந்தால் மட்டும் தொடவே வேண்டாம். பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள், ஆபத்தானது.

படிப்பீர்களா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தகவல் சார்ந்த உரைகளைத் தாளில் படித்தவர்கள் திரையில் படித்தவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கதைகளில் அந்த வேறுபாடு தென்படவில்லை. ஏன் அப்படி என்பதில் இன்னும் தெளிவு வரவில்லை. என் அனுபவம் வேறு ஒன்றைச் சொல்கிறது: எங்களிடம் கருவி வாங்கிச் சென்று நூலை முடித்தவர்கள் எல்லாரும் அதில் வேறெதையும் ஏற்றாதவர்கள். செய்திச் செயலியும் காணொளியும் ஏறிய கருவி, பெரிய செல்பேசியாகிவிடுகிறது. குடும்பத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு டேப்லெட் என்று திட்டமிட்டிருந்தால், அது உங்கள் கைக்கு மாலையில் கிடைக்காது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, இன்று செல்பேசியிலேயே வலியோடு என்றாலும் வாரத்தில் சில நாள் ஏதாவது படிக்கிறீர்களா? படிக்கிறீர்கள் என்றால் டேப்லெட் உங்களை அதிகம் படிக்கவைக்கும். கோப்புகளைச் சேர்ப்பதோடு நிற்கிறீர்கள் என்றால், இரண்டு மாதம் பொறுத்திருந்து, ஒரு நூலைச் செல்பேசியைக் கிடையாகப் பிடித்து முடித்துவிட்டு வாருங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், கண் பரிசோதனை முடிந்து, அளவுகோல் சோதனையில் 136 மில்லிமீட்டர் உங்களுக்குப் போதுமானதாக இருந்தால், 10 அங்குல டேப்லெட் வாங்குவது சரியான முடிவு என்றே சொல்வேன். திரை 1920க்கு 1200, ரேம் 4 ஜிபி, மெமரி கார்டுக்கு இடம்; இவை மூன்றும் இருந்தால் மற்ற எதற்கும் கூடுதலாகச் செலவிட வேண்டாம். திருப்பித் தருவதற்கு எத்தனை நாள் அவகாசம் என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய அன்றிரவே, உங்கள் தொகுப்பில் மிகத் தடித்ததும் மிக மோசமாக ஸ்கேன் செய்யப்பட்டதுமான நூலை அதில் ஏற்றி, அறை விளக்கை அணைத்து, வெளிச்சத்தைக் கடைசிவரை குறைத்து, முப்பது பக்கம் படியுங்கள். பக்கம் திரும்பத் தாமதமானாலோ கண் கூசினாலோ மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.